காய்கறிக் கூடையுடன் ஐந்து நாள்கள்: முன்பருவ வகுப்பில் ஒரு வாரம்

முன்பருவ வகுப்பைக் கடந்து செல்லும்போது நம் காதில் விழுவது பாட்டும் கைதட்டலும்தான். எட்டிப் பார்த்தால் சில குழந்தைகள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நிற்பார்கள். சிலர் தரையில் காய்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். கையில் பென்சில் இருக்காது. “இங்கே விளையாட மட்டும்தானே வைக்கிறார்கள், எப்போது பாடம் நடத்துவார்கள்?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். நம்மில் பலருக்கும் அந்த ஐயம் உண்டு.

1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாளிலிருந்தே முன்பருவக் கல்வி அங்கன்வாடியின் பணிகளில் ஒன்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிவந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. இதனால் பல பள்ளிகளில் முன்பருவ வகுப்பும் ஒன்றாம் வகுப்பும் ஒரே வளாகத்துக்குள் வந்துவிட்டன. அங்கே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், அங்கிருந்து வரும் குழந்தை எதைக் கொண்டுவருகிறது என்பது நமக்குப் புரியும். ‘காய்கறிகள்’ என்ற ஒரே கருப்பொருளை எடுத்துக்கொண்டு, திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு வாரத்தை எப்படி நடத்தலாம், ஒவ்வொரு செயல்பாடும் பிற்காலத்தில் எந்தப் பாடத்துக்கு அடித்தளமாகிறது என்பதைப் பார்ப்போம்.

ஏன் ஒரே கருப்பொருள்?

நான்கு வயதுக் குழந்தை ஒரு பொருளை ஒருமுறை பார்த்துவிட்டு ‘தெரிந்தது’ என்று நகர்ந்துவிடாது. அதையே தொட வேண்டும், முகர வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், உருட்ட வேண்டும், அதை வைத்து நடிக்க வேண்டும். திங்களன்று கேட்ட ஒரு சொல்லைப் புதனன்று எண்ணும்போதும், வியாழனன்று கதையிலும், வெள்ளியன்று விளையாட்டிலும் கேட்டால் அந்தச் சொல் குழந்தைக்குச் சொந்தமாகிவிடும். அங்கன்வாடிகளில் பின்பற்றப்படும் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டமும் கருப்பொருள் அடிப்படையில் அமைந்ததே.

கருப்பொருளுக்குள் செயல்பாடுகள் நாள்தோறும் மாறலாம். அன்றாட ஒழுங்கு மாறக்கூடாது. வட்டமாக அமர்ந்து பேசுதல், வழிகாட்டிய செயல்பாடு, வெளி விளையாட்டு, பாடலும் கதையும், மதிய உணவு, ஓய்வு என்ற வரிசை ஒரே மாதிரி இருக்கட்டும். அடுத்து என்ன என்று தெரிந்திருப்பது சிறு குழந்தைக்குப் பெரிய தைரியம். ஒரு செயல்பாடு பதினைந்து முதல் இருபது நிமிடங்களுக்குள் இருந்தால் போதும்.

செலவு எதுவும் வேண்டாம். வீட்டுக்கு ஒரு காய், ஒரு கூடை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பழைய தலையணை உறை. மிளகாயும் கருணைக்கிழங்கும் கூடைக்கு வேண்டாம்; கண்ணில் எரிச்சல், கையில் அரிப்பு என்று அந்த நாளே கெட்டுவிடும். மூன்று வயதுக் குழந்தைகள் இருந்தால் மொச்சை, பட்டாணி போன்ற சிறு விதைகளைப் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் கொடுக்கக்கூடாது. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்வார்கள். கத்தி ஆசிரியர் கையில் மட்டுமே இருக்க வேண்டும்.

திங்கள்: பெயரும் பேச்சும்

குழந்தைகள் கொண்டுவந்த காய்களைக் கூடையில் வைத்து வட்டமாக அமர்கிறோம். ஒவ்வொரு குழந்தையும் தன் காயை எடுத்துக் காட்டி ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். “இது என்ன?” என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் முடிந்துவிடும். “இதை உங்க வீட்டுல எப்படிச் சமைப்பாங்க?” என்று கேட்டால் பேச்சு வரும். “அம்மா பொரியல் செய்யும், எனக்குப் பிடிக்காது, தாத்தாதான் சாப்பிடுவாரு” என்று ஒரு குழந்தை சொன்னால் அதில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. கற்றல் அங்கேதான் நடக்கிறது.

பெயர்கள் வீட்டுக்கு வீடு மாறும். தென்மாவட்டக் குழந்தை ‘சீனியவரைக்காய்’ என்று சொல்வதை நம் பாடநூல் ‘கொத்தவரங்காய்’ என்று சொல்லலாம். ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தையும், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் வீட்டிலிருந்து வரும் குழந்தையும் வெண்டைக்காயை வேறு பெயரில் அழைப்பார்கள். “அப்படிச் சொல்லக்கூடாது” என்று திருத்தினால், அந்தக் குழந்தை அன்று முழுவதும் வாய் திறக்காமல் போகலாம். “உங்க வீட்டுல அப்படிச் சொல்வீங்களா? நாங்க வெண்டைக்காய்னு சொல்லுவோம்” என்று இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வகுப்பே இரண்டு சொற்களைக் கற்கும்.

அன்று மாலை ஒரு கிண்ணத்தில் வெந்தயத்தைக் குழந்தைகள் முன்னிலையில் ஊற வையுங்கள். மறுநாள் காலை அதை ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். நாள்தோறும் ஒரு குழந்தை துணியின் மேல் தண்ணீர் தெளிக்கட்டும்.

இது எதற்கு அடித்தளம்? பேசத் தெரிந்த சொல்லைத்தான் குழந்தை பின்னால் பொருள் உணர்ந்து படிக்கும். ஒன்றாம் வகுப்பில் எழுத்தைக் கூட்டி ‘முருங்கை’ என்று படிக்கும் குழந்தைக்கு முருங்கையை ஏற்கெனவே தெரிந்திருந்தால், படித்த உடனே முகம் மலரும். தெரியாவிட்டால் அது வெறும் ஓசை.

செவ்வாய்: தொடுதலும் பிரித்தலும்

தலையணை உறைக்குள் நான்கைந்து காய்களைப் போட்டு, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாகற்காயின் முண்டும் முடிச்சும், கத்தரிக்காயின் வழவழப்பும், வெண்டையின் சொரசொரப்பும் விரலுக்குத் தெரியும். “எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்கும்போது வழவழப்பு, சொரசொரப்பு, கூர்மை போன்ற சொற்கள் வருகின்றன. புலன்களின் வழியே கற்பிக்கும் முறையை 1907இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தில் தொடங்கிய மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். எழுதுவதற்கு முன் எழுத்தின் வடிவத்தை விரலால் தடவி உணரச் செய்வது அவர் முறையின் முக்கியமான ஒரு பகுதி. உறைக்குள் கைவிட்டுத் தேடும் விரல்கள் அந்தப் பழக்கத்துக்குத்தான் தயாராகின்றன.

அடுத்து, காய்களைப் பிரிக்கச் சொல்லுங்கள். எப்படிப் பிரிப்பது என்று சொல்லாதீர்கள். ஒரு குழந்தை தக்காளியைக் காரட்டுடன் வைக்கும், நிறம் ஒத்திருக்கிறது. இன்னொரு குழந்தை அதே தக்காளியை உருளைக்கிழங்குடன் வைக்கும், இரண்டும் உருளும். இரண்டும் சரிதான். “ஏன் இதை இங்க வச்ச?” என்பதுதான் நம் கேள்வி. பிறகு, “இப்ப வேற மாதிரி பிரிக்கலாமா?” மண்ணுக்குள் விளைவது, கொடியில் காய்ப்பது, பச்சையாகத் தின்பது, எனக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று ஒரே கூடை பலவிதமாகப் பிரியும்.

பிற்பகலில் தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு காயையும் போடுவதற்கு முன் “மிதக்குமா, மூழ்குமா?” என்று கேளுங்கள். பெரிய சுரைக்காய் மூழ்கும் என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள், அது மிதக்கும். சின்ன உருளைக்கிழங்கு மூழ்கும். உடனே விளக்கம் சொல்ல வேண்டாம். வியப்பு இருக்கட்டும். முன்கூட்டி ஊகித்தல், செய்து பார்த்தல், ஊகத்தை மாற்றிக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் அங்கே நடந்துவிட்டன. உயர்நிலை வகுப்பில் அடர்த்தியைக் கற்பிக்கும் அறிவியல் ஆசிரியர் இதே சுரைக்காயிலிருந்து தொடங்கலாம்.

புதன்: எண்ணுதலும் அச்சிடுதலும்

இருபது வரை தடங்கலின்றி ஒப்பிக்கும் குழந்தையிடம் “ஐந்து வெண்டைக்காய் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுப்பார்கள். எண்களின் பெயர்களை ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு.

எண்ணுவதற்குள் இருக்கும் விதிகளை கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1978இல் வெளியிட்ட நூலில் ஐந்தாக வகுத்தார்கள். வெண்டைக்காயை வைத்தே அவற்றைச் சொல்லலாம்.

1. ஒரு காய்க்கு ஒரு எண் மட்டுமே சொல்ல வேண்டும். எதையும் விடக்கூடாது, இருமுறை எண்ணக்கூடாது.
2. எண்களின் வரிசை எப்போதும் ஒன்றே. ஒன்று, இரண்டு, மூன்று என்பது மாறாது.
3. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் எத்தனை என்பதைக் காட்டுகிறது.
4. எந்தப் பொருளையும் எண்ணலாம். காய், குழந்தை, கைதட்டல் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.
5. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மொத்தம் மாறாது.

மூன்றாவது விதியைத்தான் நாம் அடிக்கடி கவனிக்கத் தவறுகிறோம். குழந்தை ஐந்து வரை எண்ணி முடித்ததும் “அப்ப மொத்தம் எத்தனை?” என்று கேட்க வேண்டும். திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், அந்த விதி இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அதற்காகக் கண்டிக்க வேண்டாம். இன்னும் பல முறை எண்ணிப் பழக வாய்ப்புக் கொடுத்தால் போதும். மதிய உணவுக்கு முன் ஆளுக்கொரு தட்டு வைக்கும் பொறுப்பை ஒரு குழந்தைக்குக் கொடுங்கள். ஒருவருக்குத் தட்டு வராவிட்டால் எங்கே தவறியது என்று வகுப்பே தேடும்.

பிறகு ஒப்பிடுதல். முருங்கைக்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய் மூன்றையும் நீளத்தின்படி அடுக்கட்டும். ஒரு கையில் முருங்கைக்காயும் மறு கையில் பீட்ரூட்டும் வைத்து எது கனம் என்று சொல்லட்டும். நீளமானது கனமானதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அங்கே தளரும்.

பிற்பகலில் அச்சு. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூப்போன்ற அச்சு, உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டினால் வட்டம். சாயத்தில் தோய்த்து, பூ, வட்டம், பூ, வட்டம் என்று தாளில் வரிசையாக அழுத்தச் சொல்லுங்கள். “அடுத்து என்ன வரும்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் குழந்தை அமைப்புகளின் ஒழுங்கைக் கண்டுகொள்கிறது. இயற்கணிதம் நடத்தும் ஆசிரியர் தேடும் திறனும் இதுவே. பிடித்து அழுத்தும் அந்த விரல்களுக்கும் வலு சேர்கிறது.

வியாழன்: கதையும் ஒலியும்

காய்கறிக் கூடையை வைத்தே ஒரு கதை கட்டலாம். கூடையில் ஒரு வெங்காயம் இருந்தது. தன்னை உரிப்பவர்கள் எல்லாரும் ஏன் அழுகிறார்கள் என்று அதற்குப் புரியவில்லை. ஒவ்வொரு காயிடமும் போய்க் கேட்டது. கத்தரிக்காய் என்ன சொல்லியிருக்கும்? பாகற்காய் என்ன சொல்லியிருக்கும்? பாதியில் நிறுத்திக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். கதை முடிந்ததும் மூன்று வகைக் கேள்விகள் கேட்கலாம்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, நீ அங்கே இருந்தால் என்ன செய்திருப்பாய். முதல் கேள்வி நினைவுக்கு, இரண்டாவது காரணத்துக்கு, மூன்றாவது கற்பனைக்கு. மேல்வகுப்பில் உரைப்பகுதிக்கு நாம் கேட்கும் வினாக்களும் இந்த மூன்று வகைக்குள்தான் வருகின்றன.

அடுத்தது கைதட்டல் விளையாட்டு. பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லி, துண்டுக்கு ஒரு தட்டு: தக்-கா-ளி, மூன்று தட்டு. வெண்-டைக்-காய், மூன்று தட்டு. கத்-த-ரிக்-காய், நான்கு தட்டு. பிறகு குழந்தைகளின் பெயர்களையும் இப்படித் தட்டலாம். அதன்பின், “வெண்டை, வெங்காயம், வெள்ளரி மூணும் எப்படி ஆரம்பிக்குது?” என்று கேளுங்கள். வாயைக் கவனித்துச் சொல்லிப் பார்த்தால் ‘வெ’ என்ற தொடக்க ஒலியைப் பிடித்துவிடுவார்கள். அந்த எழுத்தைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டிய தேவை இல்லை. சொல் ஒலிகளால் ஆனது, அந்த ஒலிகளைப் பிரிக்கலாம், சேர்க்கலாம் என்ற உணர்வுதான் வேண்டும். இந்த உணர்வு வந்த குழந்தைக்கு ஒன்றாம் வகுப்பில் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பது எளிதாகிறது. எழுத்து வடிவங்களை மனப்பாடம் செய்தும் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அவர்களில் பலருக்கு விடுபட்டுப்போன படி இதுதான்.

எழுத்தை வகுப்பிலிருந்து ஒளித்து வைக்க வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. காலையில் வந்ததும் தன் பெயர் எழுதிய அட்டையை எடுத்து மாட்டுவது, கூடைகளின் மேல் படத்துடன் பெயர் ஒட்டியிருப்பது, ஆசிரியர் கதைப்புத்தகத்தை விரலால் தொட்டுப் படித்துக் காட்டுவது ஆகியவை எழுத்தோடு நட்பை உண்டாக்கும்.

வெள்ளி: வகுப்பறைச் சந்தை

நான்கு நாள்களும் கற்றவை அனைத்தும் இன்று ஒன்றுசேரும். பாய் விரித்துக் காய்களைக் கூறு கட்டிவைத்தால் சந்தை தயார். துணி மாட்டும் ஹேங்கரின் இருபுறமும் கொட்டாங்குச்சிகளைக் கட்டினால் தராசு. தாளில் வெட்டிய பணம். சிலர் கடைக்காரர், சிலர் வாங்குபவர். சிறிது நேரம் கழித்து மாறிக்கொள்ள வேண்டும்.

ஒதுங்கி நின்று கேளுங்கள். “என்ன விலை?”, “குறைச்சுக் கொடுங்க”, “கொசுறு கருவேப்பிலை போடுங்க” என்று வீட்டுப் பெரியவர்களின் பேச்சு அப்படியே வரும். திங்களன்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன குழந்தை இன்று பேரம் பேசலாம். வரிசையில் காத்திருப்பது, கடைக்காரர் வேடத்தை விட்டுக்கொடுப்பது, சண்டை வந்தால் பேசித் தீர்ப்பது ஆகியவற்றுக்கும் இதுவே பயிற்சி. இடையில் புகுந்து கணக்குத் திருத்த வேண்டாம். விளையாட்டு சோர்ந்தால் நாமும் ஒரு வாங்குபவராகப் போய், “மூணு தக்காளியும் ரெண்டு கத்தரிக்காயும் வேணும், மொத்தம் எத்தனை காய்?” என்று கேட்கலாம்.

மாலையில் வெந்தயத் துணியை அவிழ்த்துப் பாருங்கள். முளைவிட்டிருக்கும். ஊறவைக்காத வெந்தயத்தைப் பக்கத்தில் வைத்து என்ன மாறியிருக்கிறது என்று பேசவிட்டு, மண் தொட்டியில் தூவுங்கள். அடுத்த வாரத்தின் கருப்பொருளான ‘செடிகள்’ அங்கிருந்தே தொடங்கும்.

ஐந்து நாளில் அனைவரையும் கவனிக்க

முன்பருவ வகுப்பில் தேர்வு இல்லை. ஆனால் மதிப்பீடு உண்டு. இருபது குழந்தைகள் இருந்தால் நாளுக்கு நான்கு பேர் வீதம் கவனித்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதினால் வாரத்துக்குள் அனைவரும் பதிவாகிவிடுவார்கள். ‘நன்று’, ‘சுமார்’ போன்ற சொற்கள் பயன்படாது. “ஐந்து வரை தொட்டு எண்ணினாள், மொத்தம் கேட்டபோது மீண்டும் எண்ணினாள்” என்று பார்த்ததை எழுதுங்கள். அடுத்த வாரம் அந்தக் குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

தொடர்ந்து பல வாரங்கள் பேசாமல் இருப்பது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, பொருளைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்ப்பது போன்றவை தெரிந்தால் பெற்றோரிடம் பேசி, மையத்துக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். நாமாகப் பெயர் சூட்டுவதும், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று விடுவதும் இரண்டும் கூடாது.

“எப்போது எழுதுவான்?”

பெற்றோரின் இந்தக் கேள்விக்கு மதிப்பளித்துப் பதில் சொல்ல வேண்டும். தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற அச்சம்தான் அப்படிக் கேட்க வைக்கிறது. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே எட்டு வயதுக்கு மேல் ஆகலாம். விரல் தசைகளும் நான்கு வயதில் வலுவடைந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கையால் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் கை வலிக்கும். எழுத்தின் மீதே வெறுப்பு வரும். மாவு பிசைவது, அவரை உரிப்பது, கீரை ஆய்வது, மணி கோப்பது எல்லாம் அதே கையை எழுதத் தயார்செய்கின்றன. “வீட்டுப்பாடம் கொடுங்கள்” என்று கேட்பவர்களிடம், “இன்று மாலை கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டே ஆயுங்கள்” என்று சொல்லலாம். வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பார்க்க ஒருமுறை அவர்களை அழைத்தால், நாம் விளக்குவதைவிட அது நன்றாக விளக்கும்.

மற்ற வகுப்பு ஆசிரியர்களுக்கு

ஒன்றாம் வகுப்பு ஆசிரியர், கல்வியாண்டு முடிவதற்குள் ஒருமுறையாவது முன்பருவ வகுப்பில் ஒரு மணி நேரம் அமர்ந்து பார்க்க வேண்டும். தம்மிடம் வரப்போகும் குழந்தைகளின் முகமும் பேச்சும் அங்கேயே பழகிவிடும். கவனிப்புக் குறிப்பேடு குழந்தையோடு சேர்ந்து ஒன்றாம் வகுப்புக்குச் செல்ல வேண்டும். ஜூன் மாதத்தில் “உனக்கு எழுதத் தெரியுமா?” என்று கேட்பதற்குப் பதிலாக, நான்கு விஷயங்களைப் பாருங்கள்: தனக்குத் தெரிந்ததைச் சில வாக்கியங்களில் சொல்கிறதா, கதையைக் கேட்டு அடுத்து என்ன என்று ஊகிக்கிறதா, ஐந்து பொருள்களை எண்ணி மொத்தம் சொல்கிறதா, சொல்லின் தொடக்க ஒலியைக் கண்டுகொள்கிறதா. இவை இருக்கும் குழந்தை எழுத்துகளை விரைவில் பிடித்துக்கொள்ளும். இவற்றில் எது இல்லையோ, அதை முதல் சில வாரங்களில் விளையாட்டாகவே கொடுத்துவிடலாம். 2022 முதல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை நடைமுறைக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆடல், பாடல், கதை ஆகியவற்றுக்கு இடம் இருப்பதால் இது கூடுதல் சுமை ஆகாது.

வகுப்புக்கு வராமல் வீட்டிலேயே வளர்ந்து நேராக ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைகளும் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். மேலே சொன்ன ஐந்து நாள்களை அவர்களுக்காக ஜூன் மாதத்தில் அப்படியே நடத்தலாம். ஒரு கூடைக் காய்கறியும், கேட்கப் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும்.